ஒரே சிப்பி ஓடு, இரண்டு காயம்



மடுமாதா ஆவணித் திருவிழாவுக்குப் போய் வந்ததில் நடந்த ஒரு விடயத்தை இந்த இதழில் எழுதுகிறோம். 2023 ஆம் ஆண்டு நடந்தது. இவ்வளவு காலமும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம்தான். பிழையில் பாதி எங்களுடையது.

அந்த முறை எங்கள் தோட்டத்தில் இருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் புறப்பட்டோம். வேதக்காரரும் இருந்தார்கள், சைவரும் இருந்தார்கள். மடுவுக்குப் போகிறவர்கள் திருக்கேதீஸ்வரத்தையும் கும்பிட்டு வருவது நம் ஆட்களுக்குப் பழக்கம்தானே. கண்டி, மாத்தளை, தம்புள்ளை, அநுராதபுரம், மதவாச்சி என்று பஸ் போகப் போக, பின் சீட்டில் இருந்த ஒரு பெரியவர், "நம்ம பாட்டன் பூட்டன் நடந்து வந்த பாதையில நாம திரும்பிப் போறோம்" என்றார். உண்மைதான். கோப்பிக் காலத்தில் தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தலைமன்னாருக்கு ரயிலும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் வந்தது 1914 இல்தான்.

மடு முடிந்து மன்னார்த் தீவுக்குள் போனோம். பள்ளிமுனையில் உள்ள பெரிய பெருக்க மரத்தைப் பிள்ளைகள் கைகோத்துச் சுற்றிப் பார்த்தார்கள். தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையில் சிலர் கண்கலங்கினார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களின் சொந்தங்கள் கப்பல் ஏறிய இடம் அது. பிறகு தெற்கே அரிப்புக்கு வந்தோம். முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக இலங்கையின் முதலாவது பிரித்தானிய தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் கட்டிய மாளிகை அங்கே இடிந்து, கடல் அரித்துப் பாதி சரிந்து நிற்கிறது. மாளிகையை யார் பார்த்தார்கள்? மலைநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடல்தான் பெரிசு. எல்லோரும் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள்.

அங்கேதான் உடைந்த சிப்பி ஓடு ஒன்று பதினாறு வயதுத் தம்பி ஒருவரின் குதிகாலைக் கிழித்தது. அவர் போட்ட சத்தத்தில் ஊரே திரும்பிப் பார்த்தது. அவரைத் தூக்கப் போன கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவரும் அதே ஓட்டில் மிதித்தார். சின்ன விரலுக்கு அடியில் வெட்டு. மணலில் இரத்தத்தைக் கண்டு நாங்கள் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. "வலியே இல்லைங்கய்யா, மலையில இதவிடப் பெரிய வெட்டெல்லாம் பாத்தாச்சு" என்று சிரித்தார். தைரியசாலி என்று நாங்களும் சிரித்தோம். முதலுதவிப் பெட்டியைத் திறந்து இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பிளாஸ்டர் ஒட்டினோம். அந்த அக்கா சீனி வருத்தத்துக்குக் கிளினிக் கொப்பி வைத்திருப்பவர். அது எங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

தம்பி பத்தாம் நாள் கிரிக்கெட் விளையாடினார். அக்கா திரும்பி வந்த மறுநாளே ரப்பர் செருப்போடு ஈர மலைக்குப் போனார். காயத்துக்குக் கோப்பித்தூள் வைத்துக் கட்டிக்கொண்டார். ஆறாவது கிழமை அவருடைய மகள் எங்கள் காரியாலயத்துக்கு வந்து, "ஐயா, அம்மா காலு நாத்தம் அடிக்குது" என்றார். ஆஸ்பத்திரியில் சின்ன விரலை எடுத்தார்கள். இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்கள்.

வார்ட்டுக்கு வெளியே அந்த மகள் எங்களிடம் கேட்டது இதுதான்: "ஒரே ஓடுதானே ஐயா கிழிச்சுச்சு. தம்பிக்கு ஆறிருச்சு. எங்கம்மாவுக்கு மட்டும் ஏன்?"

அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. பிறகு டொக்டர்மாரிடம் கேட்டும், தேடி வாசித்தும் விளங்கிக்கொண்டதை எழுதுகிறோம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நம் உடம்பு கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. கலம் என்பது கண்ணுக்குத் தெரியாத சின்ன அறை. தோலில் இந்த அறைகள் லயத்துக் காம்பராக்கள் மாதிரி ஒட்டி ஒட்டி இருக்கின்றன. பழைய லயத்தில் சுவர் கூரை வரை போகாது. மேலே உள்ள இடைவெளியால் உப்பு, மிளகாய், நெருப்புப் பெட்டி எல்லாம் அடுத்த காம்பராவுக்குப் போகும். கதையும் போகும். ஆனால் கட்டிலை அந்த வழியால் கொடுக்க முடியாது. கலங்களுக்கு இடையிலும் அப்படியே சிறு சிறு வாயில்கள் இருக்கின்றன. கொனெக்சின் என்ற புரதத்தின் ஆறு துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து ஒரு பக்கத்துக் குழாய் ஆகிறது. பக்கத்துக் கலமும் இதேபோல் ஒன்றைச் செய்து இதனோடு பொருத்துகிறது. மொத்தம் பன்னிரண்டு துண்டுகள் சேர்ந்து ஒரு வாயில். ஒரு தலைமயிரின் அகலத்தை ஐம்பதாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் ஓட்டை. உப்புகள், சீனி, சின்னச் சின்னச் செய்திப் பொருட்கள் அதனூடாகப் போகும். புரதம் போன்ற பெரிய பொருள் போகாது.

இந்த வாயில்களால்தான் இதயத்தின் கலங்கள் எல்லாம் ஒன்றாகச் சுருங்குகின்றன. பிள்ளை பிறக்கும் காலம் நெருங்கும்போது கருப்பையின் தசைக் கலங்களுக்கு இடையில் இவை திடீரென்று கூடுகின்றன. அதனால்தான் பிரசவ நோவு கருப்பை முழுவதும் ஒரே நேரத்தில் வருகிறது. பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

ஒரு வாயிலின் ஆயுளைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். சில மணித்தியாலங்கள்தான். காலையில் வைத்ததைப் பின்னேரத்துக்குள் கழற்றிவிட்டுப் புதியது வைக்கிறது கலம். ஏன் இந்த வீண் வேலை என்று எங்களுக்கும் முதலில் தோன்றியது. வீணில்லை. ஓயாமல் கட்டிக் கழற்றுவதால்தான் அவசரம் வரும்போது கட்டுவதை நிறுத்திவிட முடிகிறது.

இனிக் காயத்துக்கு வருவோம். காயம் பட்டவுடன் இரத்தம் உறைகிறது. உறைய வைக்கும் சிறுதட்டுகள் என்ற துணிக்கைகள் உடைந்து சில புரதங்களைக் கொட்டுகின்றன. பின்னால் வரும் வெள்ளைக் கலங்களும் தோல் கலங்களும் இன்னும் கொட்டுகின்றன. இவற்றுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். இவை அந்தச் சின்ன வாயிலுக்குள் நுழைய முடியாத பெரிய பொருட்கள். அதனால் கலத்தின் வெளிப்பக்கத்தில் உள்ள வாங்கி என்ற இடத்தில் வந்து தட்டுகின்றன. அந்தக் காலத்தில் விடியற்காலை தப்பு அடித்துப் பெரட்டுக்குக் கூப்பிடுவார்களே, அதுபோல. தப்புச் சத்தம் எல்லாக் காம்பராவுக்கும் கேட்கும். சத்தம் கேட்டதும் சுவருக்கு மேலால் நடக்கும் கதை நிற்கும், கதவு சாத்தப்படும், ஆள் மலைக்குப் புறப்படும்.

இந்தக் காரணிகளைக் கண்டுபிடித்த கதையையும் சொல்ல வேண்டும். 1950களில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ரீட்டா லெவி மொண்டால்சினி என்ற பெண்மணியும் ஸ்டான்லி கோஹனும் ஆராய்ச்சி செய்தார்கள். அந்த அம்மணி இத்தாலியில் யூத குடும்பத்தில் பிறந்தவர். யுத்த காலத்தில் வேலை பறிக்கப்பட்டு, வீட்டுப் படுக்கையறையில் கோழி முட்டைகளை வைத்து ஆராய்ந்தவர். நரம்பை வளர்க்கும் காரணியை அவர் கண்டார். கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருந்து எடுத்த சாரத்தை எலிக்குஞ்சுகளுக்கு ஊசி போட்டபோது, வழக்கமாக இரண்டு வாரமளவில் திறக்கும் கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்தன. தோல் கலங்களைத் துரிதமாக வளரச் செய்யும் ஒரு காரணி அந்தச் சாரத்தில் இருந்தது. 1986 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாய் காயத்தை நக்குவதற்கும் இதில் கொஞ்சம் சம்பந்தம் உண்டு. ஆனால் அதைப் பார்த்து யாரும் காயத்தில் எச்சில் தடவ வேண்டாம். நம் வாயில் கிருமிகள் நிறைய.

அந்தத் தோல் காரணி ஒரு கலத்தில் தட்டினால் என்ன நடக்கிறது? கலத்துக்குள் ஒருவர் மாற்றி ஒருவராகச் செய்தி கடத்தப்பட்டு, கடைசியில் வாயில் புரதத்தின் மேல் பொஸ்பேற்று என்ற சிறு அடையாளம் குத்தப்படுகிறது. கொனெக்சின் 43 என்று இலக்கம் போட்ட வகையில் இதை நன்றாகக் கண்டிருக்கிறார்கள். அடையாளம் விழுந்த சில நிமிடங்களில் வாயில் சாத்திக்கொள்கிறது. காயத்தின் விளிம்பில் உள்ள கலங்களில் முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குள் இந்த வாயில்கள் மிகவும் குறைந்து விடுகின்றன. அதன் பிறகு அந்தக் கலங்கள் தட்டையாகி, காயத்தின் மேல் ஊர்ந்து போய், இரண்டு பக்கமும் நடுவில் சந்திக்கின்றன. சந்தித்த பிறகு வாயில்கள் திரும்பவும் வைக்கப்படுகின்றன. பக்கத்து வீட்டோடு கட்டிப்போட்ட மாதிரி இருக்கிற கலம் நகர முடியாது. நகர வேண்டுமென்றால் கொஞ்ச நேரம் உறவை நிறுத்தத்தான் வேண்டும்.

எல்லா வளர்ச்சிக் காரணியும் வாயிலை மூடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரத்தக் குழாயின் கலங்களில் வேறொரு காரணி வாயில்களைக் கூட்டுகிறது. எந்தக் காரணி, எந்தக் கலம், எந்த நேரம் என்பதைப் பொறுத்தது அது. மூடியது திறக்காமலே இருந்தாலும் ஆபத்துத்தான். 1966 இல் லோவன்ஸ்டைன், கன்னோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஈரல் புற்றுநோய்க் கலங்களைப் பார்த்தபோது அவை பக்கத்துக் கலங்களோடு இந்தக் கொடுக்கல் வாங்கலைச் செய்யவில்லை என்று கண்டார்கள். ஊரோடு பேச்சை விட்டவன் தன்பாட்டில் பெருகுகிற மாதிரி.

அரிப்புக் கடலில் வாழும் சிப்பிக்கும் காயம் ஆற்றும் வேலை உண்டு. மழைத்துளி விழுந்து முத்தாகிறது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். முத்து எப்படி உண்டாகிறது என்று பார்க்க 1902 இல் லிவர்பூலில் இருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் மன்னார் முத்துப்பார்களுக்கு வந்தார். கூட வந்தவர் ஜேம்ஸ் ஹோர்னெல். சிப்பிகளைத் திறந்து பார்த்து, ஒட்டுண்ணிப் புழுவின் குஞ்சுதான் முத்துக்குக் கரு என்றார் ஹேர்ட்மன். இன்று விளங்கியிருப்பது வேறு. கரு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. ஓட்டைச் சுரக்கும் மென்மூடி என்ற தோலின் கலங்கள் காயம்பட்டு உள்ளே தள்ளப்பட வேண்டும். அவை பெருகி, ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு பை ஆகின்றன. அந்தப் பைதான் உள்ளே பளபளப்பான பூச்சைப் படை படையாகப் போடுகிறது. இதை வைத்துத்தான் செயற்கையாக முத்து வளர்க்கிறார்கள். மென்மூடியில் இருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, உருண்டைக் கருவோடு இன்னொரு சிப்பிக்குள் வைப்பார்கள். இதே மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில், தூத்துக்குடிப் பக்கம், 1973 இல் இந்திய விஞ்ஞானிகள் இப்படி உருண்டை முத்தை எடுத்தார்கள். சிப்பி போன்ற பிராணிகளில் கலவாயில் இன்னெக்சின் என்ற வேறு புரதத்தால் ஆனது. ஆனால் நம் எலும்பை வளர்க்கும் காரணியின் குடும்பத்தைச் சேர்ந்த காரணிகள் சிப்பியிடமும் உண்டு. அக்காவின் காலைக் கிழித்த ஓடும் அப்படிப்பட்ட கலங்கள் கட்டியதுதான்.

சரி, அக்காவுக்கு ஏன் ஆறவில்லை?

முதல் காரணம் நரம்பு. நீண்ட காலம் சீனி கூடியிருந்தால் காலின் நரம்புகள் செத்துக்கொண்டு வரும். அவருக்கு வலிக்காதது தைரியத்தால் அல்ல. நாங்கள் சிரித்த அந்த நேரத்திலேயே அவருடைய கால் எங்களுக்குச் செய்தி சொல்லியிருக்கிறது. வலித்தவர் நொண்டி நொண்டி நடந்து காயத்தைக் காப்பாற்றினார். வலிக்காதவர் அதன் மேலேயே மிதித்து மலை ஏறினார். இரண்டாவது, காலுக்கு இரத்த ஓட்டம் குறைவு. மூன்றாவது, கிருமிக்கு எதிராக உடம்பு மெதுவாகவே எழும்பும். நாள்பட்ட புண்ணில் வளர்ச்சிக் காரணிகளையே வெட்டித் தின்னும் பொருட்களும் நிறைந்து விடுகின்றன. தப்பு அடித்தாலும் சத்தம் கேட்காது.

நான்காவதுதான் நாங்கள் புதிதாக அறிந்தது. 2007 இல் லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சீனி வருத்தம் உண்டாக்கிய எலிகளின் தோல் காயத்தைப் பார்த்தார்கள். சாதாரண எலியில் காயத்தின் விளிம்பில் கொனெக்சின் 43 குறைந்தது. சீனி உள்ள எலியில் அது குறையவில்லை, கூடியது! கலங்கள் நகராமல் விளிம்பிலேயே குவிந்து நின்றன. அந்தப் புரதத்தை உண்டாக்க விடாமல் தடுத்தபோது காயம் சாதாரண வேகத்தில் ஆறத் தொடங்கியது. பிற்காலத்தில் மனிதர்களின் ஆறாத புண்களை எடுத்துப் பார்த்தபோதும் விளிம்பில் இந்தப் புரதம் கூடுதலாக இருந்தது. பெரட்டு நேரத்தில் கதவைச் சாத்தாமல் சுவருக்கு மேலால் கதைத்துக்கொண்டே நிற்கிற மாதிரி. மலையில் வேலை எப்படி நடக்கும்?

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். சிறுதட்டுகள் கொட்டும் வளர்ச்சிக் காரணியைக் களிம்பாகச் செய்து, சீனிக் கால்புண்ணுக்குப் பூச அமெரிக்காவில் 1997 இல் அனுமதி கொடுத்தார்கள். கோஹன் கண்ட காரணியை ஊசியாகப் புண்ணுக்குள் போடும் மருந்தைக் கியூபா 2006 இல் பதிவு செய்தது. விலை கூடிய மருந்துகள். புற்றுநோய் உள்ள இடத்தில் களிம்பைப் பூசவே கூடாது. செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்து, கிருமியை அடக்கி, காலில் பாரம் விழாமல் பார்த்து, சீனியையும் குறைத்த பிறகுதான் எந்த மருந்துக்கும் அங்கே வேலை. அந்த நான்கையும் நம் ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள், நாம் நேரத்துக்குப் போனால்.

ஆகவே சீனி உள்ளவர்கள் தினமும் இரவில் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கண் நன்றாகத் தெரியும், ஒளிக்கவும் தெரியாது. சுடுதண்ணீரில் காலை வைக்குமுன் முழங்கையை வைத்துப் பாருங்கள். காயத்துக்குக் கோப்பித்தூள், சுண்ணாம்பு, புகையிலை எதுவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரில் கழுவிச் சுத்தமான சீலையால் மூடி, அன்றைக்கே தோட்ட மருந்துச்சாலைக்கு வாருங்கள். ஏற்பு ஊசி தேவையா என்றும் கேளுங்கள். வலிக்காத காயத்தோடு வருகிறவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் தோட்டத்தில் நிறையப் பேர். அவர்களுக்கும் இதுதான் பேச்சு. அரை நாள் பெயர் போய்விடும் என்று பயந்து வராமல் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி நிர்வாகத்தோடு பேசுவது எங்கள் வேலை. பேசிக்கொண்டும் இருக்கிறோம்.

யாத்திரைப் பஸ்ஸில் வைக்கும் பெட்டியில் இப்போது ஒரு கொப்பியும் இருக்கிறது. ஏறும்போதே யார் யாருக்குச் சீனி, யாருக்குப் பிரஷர் என்று எழுதிக்கொள்கிறோம். சிலர் முறைக்கிறார்கள். "என்னாங்கய்யா, கோயிலுக்குப் போறப்பவும் சீட்டா?" என்கிறார்கள். எழுதிவிட்டுத்தான் ஏற விடுகிறோம்.

அக்காவுக்குப் புண் ஆற நான்கு மாதம் பிடித்தது. இந்த வருடப் பயணத்துக்கும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார். வெறுங்காலோடு மடுவைச் சுற்றுவதாக அவருக்குப் பழைய நேர்த்தி ஒன்று இருந்தது. மாதாவிடம் கேட்டுக்கொண்டு அதை மெழுகுதிரியாக மாற்றிவிட்டாராம். மகள் வாங்கிக் கொடுத்த கன்வஸ் சப்பாத்தை எங்களிடம் கொண்டுவந்து காட்டினார். போடுமுன் அதைக் கவிழ்த்து, தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். அரிப்புக்குப் போவோமா என்று கேட்டோம். "போவோம் ஐயா, ஆனா நான் கரையிலதான் நிப்பேன்" என்றார்.